மற்றவை (குறிப்பிடவும்)

கேள்வி எண் பதினேழு:
வேலையிடத்தை விட்டு ஏன் வெளியேறவில்லை?
ஒன்று, கடன்.
இரண்டு, அச்சம்.
மூன்று, வேறு வேலை இல்லை.
நான்கு, மற்றவை (குறிப்பிடவும்).
குறிப்பிட, அச்சகம் விட்டிருந்த இடம்
ஒன்றரை அங்குலம்.

திமிரியில் இறங்கி, கலவை ரோட்டில் கொஞ்சம் நடந்து,
வேலிகாத்தானுக்குள் நுழையும் தடத்தின் முடிவில்
தொகுப்பு வீடு பதினொன்று.
ஒன்பதில் ஆட்கள். ஒன்றில் ஆடுகள்.
ஒன்று இன்னும் கதவுக்குக் காத்திருந்தது.

செல்லியம்மா என் ஆய்வில் இ-23.
இ என்றால் இருளர்.
இருபத்து மூன்று என்றால்
அதற்கு முன் இருபத்திரண்டு பேரிடம்
இதே கேள்விகளை இதே குரலில் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஒப்புதல் படிவம்.
படித்துக் காட்டினேன்.
உங்கள் பெயர் வெளிவராது.
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.
இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை.
கடைசி வரிக்கு மட்டும் தலையாட்டினார்.

மைப்பெட்டியைத் திறந்ததும்
கை முந்தானைக்குள் போய்விட்டது.
“அவனும் இப்பிடித்தான் படிச்சிக் காட்னான்.”

ரேகை இல்லாமல் பேட்டி எடுக்கக் கூடாது.
பேனாவை மூடினேன்.
மூடிய பிறகுதான் பேசினார்.

பன்னிரண்டாயிரம் முன்பணம்.
மரம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி அள்ளி
மூட்டை கட்டினால்
மூட்டைக்கு இருபது கழியும் என்று பேச்சு.
ஒரு மூட்டைக்கு ஒரு கோடு,
கொட்டகைச் சுவரில், கரியாலேயே.
அறுநூறாவது கோடு விழுந்தது
மூன்றாம் வருசம் ஆடியில்.

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.

பதினேழாம் கேள்வியை நான் கேட்கவில்லை,
அது வாயிலிருந்து விழுந்தது:
பிறகு ஏன் இன்னும் நாலு வருசம்?

“முடிஞ்சிட்ச்சின்னு எங்களுக்குத் தெரியும்.
அவன் வாயால சொல்லட்டும்னு இருந்தோம்.
சொல்லாம கெளம்பினா
ஓடிப்போன கும்பல்னு ஆயிடும்.
நாங்க இன்னா திருடங்களா?”

ஆர்.டி.ஓ. வந்த அன்று எல்லாரையும் வேனில் ஏற்றினார்கள்.
விடுதலைச் சான்றிதழில்
செல்லியம்மா, செல்வியம்மா ஆனார்.
சாட்சிகள் இருந்தார்கள், பிஸ்கட் இருந்தது,
சுவரை யாரும் படம் எடுக்கவில்லை.
அடுத்த வாரம் கொட்டகையே இல்லை.
ஆயிரத்து நானூறு கோடு.
என் ஆய்வேட்டில் மொத்தமே
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

பேராசிரியர் எத்திராஜுலு பின்னால்
ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்:
‘தனிச் சம்பவம். அட்டவணையில் அடங்காது.
அடிக்குறிப்பாக்கலாமா?’
நல்ல மனிதர். கேள்விக்குறி போட்டிருந்தார்.
நானும் தேடிப் பார்த்தேன்.
கொத்தடிமை, சுரண்டல், அதிகார உறவு என்று
மூன்றாம் இயல் முழுக்கச் சொற்கள்.
கணக்குத் தெரிந்தவள்
கணக்கை ஒப்புக்கொள்ளச் சொல்லி
நாலு வருசம் மரம் வெட்டியதற்கு
அதில் ஒரு சொல் இல்லை.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.
“அந்தத் தாளு ரெண்டு கீதா?”
இருந்தது.
“ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும். அவன் குடுக்கல.
ரெண்டுலயும் மொதல்ல நீ ரேகை வையி.
கையெயுத்து வாணாம்,
அது யாருதுன்னு எனக்குத் தெரியாது.”

வைத்தேன்.
என் பக்கத்தில் அவர் வைத்தார்.
அவர் கட்டைவிரலில் பாதிக்கு மேல் வெட்டுத் தழும்பு,
மை அங்கே ஏறவில்லை.
தாளை நாலாக மடித்து
ரேஷன் கார்டுக்குள் செருகினார்.

ஆற்காட்டுப் பாலம் தாண்டி
ராணிப்பேட்டைத் தோல் வாடை பஸ்ஸுக்குள் ஏறும்வரை
துப்பட்டாவில் தேய்த்துக்கொண்டே வந்தேன்.
நீலம் போகவில்லை.

மறுநாள் காலை, துறை வாசலில்
வருகைப் பதிவு இயந்திரம் மூன்று முறை சொன்னது:
ரேகை பொருந்தவில்லை. மீண்டும் வைக்கவும்.
அரைநாள் வரவில்லை என்று பதிவாயிற்று.

வந்திருந்தேன்.